அச்சாரக் கடிகாரம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எந்த விருந்தாளி வந்தாலும் மேடையேறியதும் கேட்பது ஒரே கேள்விதான்: படித்து என்ன ஆகப் போகிறாய்? வரிசையாக எழுந்து பதில் சொல்ல வேண்டும். கலெக்டர், டாக்டர், போலீஸ், மறுபடியும் கலெக்டர். கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே சொன்ன அத்தனை பேரும் கலெக்டர் ஆகியிருந்தால் கேரளத்தில் மாவட்டம் போதாது. என் முறை வந்தபோது "தெரியலைங்க" என்றேன். விருந்தாளி சிரித்தார். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. பிறகு கூப்பிட்டு, "ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஸ்கூல் மானமே போச்சு" என்றார்.

பொய் சொன்னால் மானம் இருக்குமாம், உண்மையைச் சொன்னால் போய்விடுமாம். என்ன மானமோ!

எனக்கு அப்போதே இதில் எரிச்சல்தான். வசதியான வீட்டுப் பிள்ளை "இன்னும் முடிவு பண்ணலை" என்று சொன்னால், பையன் யோசிக்கிறான் என்பார்கள். அதையே நாங்கள் சொன்னால், விவரம் பத்தாத பிள்ளை என்பார்கள். கையில் காசில்லாதவளுக்குக் கனவாவது கெட்டியாக இருக்க வேண்டுமாம். காசும் இல்லை, கனவும் இல்லை என்றால் உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு என்று கேட்டுவிடுவார்கள். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் பார்வையில் கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது எனக்கு இரண்டுமே இல்லை. கணக்கு பிடிக்கும் என்று சொல்ல முடியாது, பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. கதைப் புத்தகம் படிப்பேன், பாதியில் போட்டுவிடுவேன். படிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். எதை என்று கேட்டால் முழிப்பேன்.

இந்த முழிப்புக்காகவே காத்திருந்ததுபோல வந்தார் தரகர் மாமா.

அவர் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மார்கழி முதல் சித்திரை வரை மாந்தோப்புத் தரகு, மாங்காய் முடிந்ததும் காலேஜ் தரகு. இரண்டுக்கும் ஒரே மோட்டார் சைக்கிள், ஒரே தோல்பை. எல்லையைத் தாண்டி பொள்ளாச்சி ரோட்டில் இருந்த ஒரு தனியார் கல்லூரிக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார், தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கும். அதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது, தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் கல்லூரி பேர் போட்ட ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தார்.

"மச்சான், இது காலேஜ்ல இருந்து உங்களுக்குக் குடுத்துவுட்டதுங்க" என்று அப்பா கையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்முணி, என்ன படிக்கறே?" என்றார்.

"தெரியலைங்க மாமா."

"அட, அப்பச் சோலி சுளுவாப் போச்சு! பி.காம் சி.ஏ. போட்டர்லாம். பஸ்ஸு ஊட்டு வாசலுக்கே வரும். ஒரிஜினலு சர்டிபிகேட்டை மட்டும் இப்பக் குடுத்துருங்க மச்சான், சீட்டை உறுதி பண்ணிப்போடலாம். பீஸெல்லாம் மெல்ல மெல்லக் கட்டிக்கலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள். டி.சி., மார்க் லிஸ்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழாகக் கேரளத்தில் தரும் புத்தகம் எல்லாம் தோல்பைக்குள் போயின. கடிகாரம் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஏறியது. எனக்கும் அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்ன வாயால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் மாங்காய் பறிப்பவர். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்று கொஞ்சம் மரங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொரு வருஷமும் பூவிலேயே குத்தகைக்குப் பேசிவிடுவார். எங்கள் பக்கம் எல்லாத் தோப்பும் அப்படித்தான். பூவைப் பார்த்து விலை பேசி, அச்சாரம் வாங்கிவிட்டால் காசுக்காகப் பேச்சு மாறக்கூடாது. அப்புறம் எவன் வந்து எவ்வளவு கூடுதலாகக் கேட்டாலும் மரம் அச்சாரம் கொடுத்தவனுக்குத்தான். அப்பா இந்த விஷயத்தில் பெயர் எடுத்தவர். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் பத்திரம் எழுதத் தேவையில்லை என்பார்கள். அந்தக் கடிகாரம் அவர் கணக்கில் அச்சாரம். மகளைப் பூவிலேயே பேசி முடித்துவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

இதற்கு நடுவில் நான் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். எல்லையில் இருக்கும் எல்லோரையும் போல எங்களுக்கும் இரண்டு பக்கமும் ஒரு காலை வைத்துப் பழக்கம். ரேஷன் இந்தப் பக்கம், துணிமணி அந்தப் பக்கம். அதே புத்தியில், தோழி ஒருத்தி போகிறாள் என்று நானும் கொல்லங்கோட்டுக்குப் போய், அட்சயா என்ற அரசு இ-சேவை மையத்தில் கேரளத்து டிகிரி சேர்க்கைக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். "ஆப்ஷன் இனியும் கொடுக்காம் மோளே, வேறெ ஏதெங்கிலும் சொல்லு" என்று, இன்னும் வேறு பாடங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில் என்னவெல்லாம் உண்டு என்று கேட்டேன். படித்துக்கொண்டே வந்தவள் ஜியாகிரபி என்றாள். அதையும் போடுங்கள் என்றேன்.

ஏன் அதைச் சொன்னேன்? சின்ன வயதில் மேப் பார்த்து மயங்கினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி எதுவும் இல்லை. பி.காம் என்றால் என் முன்னால் முழுப் பாதையும் கிடந்தது: திருப்பூரில் கணக்கு எழுதும் வேலை, இரண்டு வருஷத்தில் ஒரு மாப்பிள்ளை, அப்புறம் எனக்கும் ஒரு அடுப்பு. ஜியாகிரபி படித்தவர்கள் எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குச் சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அந்த அக்கா போன் செய்தாள். அலாட்மென்ட் வந்துவிட்டது, ஜியாகிரபி கிடைத்திருக்கிறது, மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒரிஜினலோடு போய்ச் சேர வேண்டும், போகாவிட்டால் சீட்டு போய்விடும். அரசுக் கல்லூரியில் பீஸ் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பஸ்ஸிலும் மாணவர் கன்செஷன் உண்டு. மாங்காய் சீசன் முடிந்து அப்பாவும் அம்மாவும் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நேரம் அது. அந்தத் தனியார் கல்லூரிக்கு மெல்ல மெல்லக் கட்டுவது என்றால் எதை வைத்துக் கட்டுவது என்று இரண்டு பேரும் எனக்குக் கேட்காத குரலில் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். ஆகவே சந்தோஷமாக ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "வாக்குக் குடுத்தாச்சே கண்ணு."

"நான் குடுக்கலையேப்பா."

"நாங் குடுத்தா நீ குடுத்த மாதிரித்தான. உங்க மாமன் மூஞ்சில நாளைக்கு எப்படி முழிக்கறது? அச்சாரம் வாங்கியாச்சு சாமி."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "மரத்தையாப்பா குத்தகைக்கு வுட்டீங்க? என்னையத்தான வுட்டீங்க! மரத்துக்காச்சு வருசாவருசம் வேற ஆளு வருவாங்க. எனக்கு மூணு வருசம் போனாப் போனதுதான்!" என்று கத்தினேன். அப்பாவிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கப் போவதில்லை.

அப்போதுதான் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். அம்மா மாங்காய் குடோனில் பேப்பர் சுற்றி பெட்டியில் அடுக்குபவள். வாயைத் திறந்தால் குடோனே திரும்பிப் பார்க்கும். "அட கெரகமே! ஒரு கடியாரத்துக்குப் பொண்ணை வித்த மகராசன் நீங்க ஒருத்தர்தான்!" என்று ஆரம்பித்தாள். "ஏனுங்க, போன வருசம் மழையில பூக் கொட்டிப்போச்சுன்னு குத்தகைக்காரன் வந்து வெலகுனான்ல? நீங்க என்ன பண்ணுனீங்க? வாங்குன கையாலயே அச்சாரத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தீங்கல்ல? அப்ப உங்க வாக்கு எங்க போச்சு? காய் புடிக்கற முன்ன ரெண்டு பக்கமும் வெலகலாம்னு ஊருக்கே நாயம் சொல்றவரு. மரத்துக்கு ஒரு நாயம், எம்பட புள்ளைக்கு ஒரு நாயமா?"

அது எங்கள் பக்கத்து வழக்கம்தான். பூவில் பேசினாலும் காய் பிடிப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை எவரும் விலகலாம். யார் விலகினாலும், அச்சாரம் வாங்கியவர் அதை வாங்கிய கையாலேயே கொண்டுபோய்த் திருப்பித் தர வேண்டும். ஆள் அனுப்பக்கூடாது. அப்பாவுக்கு அது தெரியாதா? காலேஜ், சர்டிபிகேட் என்றதும் அங்கே வேறு சட்டமாக இருக்கும் என்று நினைத்துப் பயந்துவிட்டார்.  அம்மா பேசி முடித்ததும் முக்காலியில் ஏறி ஆணியிலிருந்து கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றினார்.

"காலைல மொதப் பஸ்ஸுக்குப் போலாம்" என்றார்.

கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பஸ்ஸில் வந்த கோலத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். செக்போஸ்டில் ஏறிய ஒருவர், "என்னங்க, ரிப்பேருங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, நல்லா ஓடுதுங்க" என்றார் அப்பா, படு சீரியஸாக.

கல்லூரி ஆபீஸில் முன்மேஜைக்காரர் எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். சேர வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. அப்பா துண்டைப் பிரித்துக் கடிகாரத்தை மேஜைமேல் வைத்தார். "வாங்குனதைத் திருப்பிக் குடுத்துர்றனுங்க. புள்ளை சர்டிபிகேட்டைத் தந்துருங்க" என்றார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். இப்படி ஒரு கேஸை அவர் கண்டதே இல்லை போலிருக்கிறது.

"கடியாரமெல்லாம் எதுக்குங்க? கேன்சல் பண்றதுன்னா மூணு வருச பீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க. அதான் ரூல்ஸு."

மூன்று வருஷம்! ஒருநாள்கூட வகுப்பில் உட்காராத படிப்புக்கு! ஒரிஜினலைப் பிடித்து வைக்க எந்தக் காலேஜுக்கும் அதிகாரம் இல்லை என்று அந்த அட்சயா அக்கா போனிலேயே சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன், அதற்கும் மசியவில்லை. கடைசியில், பெரிய சாரைப் பாருங்கள் என்று உள்ளே கை காட்டினார்.

பெரிய சார் ஏ.சி. அறையில் இருந்தார். நல்லவிதமாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "பாப்பா, அங்க என்ன கோர்ஸு கெடச்சிருக்கு?" என்றார். சொன்னேன். "ஜியாகிரபியா? அதைப் படிச்சு என்ன ஆகப் போறே?"

பள்ளிக்கூட மேடையில் கேட்ட அதே கேள்வி!

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? தெரியாததுக்கா இவ்வளவு சண்டை?"

"தெரிஞ்சிருந்தா எனக்கு எதுக்குங்க சண்டை?" என்றேன்.   "இன்னது படிக்கோணும்னு சொல்றவளுக்கு எல்லாரும் வழி வுடறாங்க. தெரியலைன்னு சொல்றவளை ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கறீங்க. எனக்குத் தெரியாதுதானுங்க. ஆனா அது உங்களுக்கும் தெரியாது. எங்க அப்பாவுக்கும் தெரியாது. நானே பாத்துத் தெரிஞ்சுக்கறேன். சர்டிபிகேட்டைக் குடுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரிய சார் மணியை அடித்து எங்களை வெளியே அனுப்பினார்.

வெளியே வந்தால் வராந்தா நிறையக் கூட்டம். சேர்க்கைக் காலம் அல்லவா? கையில் பையும் பக்கத்தில் பிள்ளையுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாப் பைக்குள்ளும் ஒரிஜினல்கள். முன்மேஜையில் எங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, மணி பதினொன்று தாண்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் எல்லை தாண்டிப் போய்ச் சேர வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கே அழுதால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று ஒரு வீம்பு.

பக்கத்தில் மகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "அக்கா, ஒரிஜினலைக் குடுத்துறாதீங்க. ஜெராக்ஸ் மட்டும் குடுங்க."

அவர் திடுக்கிட்டார். நான் அடுத்த குடும்பத்திடம் போனேன். அங்கேயும் அதையே சொன்னேன். அதற்கடுத்த குடும்பத்திடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். முன்மேஜைக்காரர் எழுந்து, "ஏம்மா, என்ன ரவுசு பண்றே?" என்று ஓடி வந்தார். "ஜெராக்ஸ் எடுங்கன்னு சொன்னா ரவுசுங்களா?" என்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரிடமும் கோயில் வாசலில் விபூதி கொடுப்பதுபோல் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பேச்சை எத்தனை பேர் நம்பியிருப்பார்களோ தெரியாது. சின்னப் பெண், வாயாடி, ஏதோ கோபம் என்றுதான் பார்த்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் என்னை விட்டுவிட்டு நேராக அப்பாவிடம் போனார். "ஏனுங்க, உங்க புள்ளை சொல்றது நெசமுங்களா?"

 நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேச அப்பாவுக்குக் கூச்சம். தரகர் மாமா நாளைக்கு என்ன சொல்வார் என்ற கவலை வேறு. பேசாமல் தலையை ஆட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா எழுந்து நின்றார். "நெசந்தானுங்க. நம்பிக் குடுத்தனுங்க. வாங்குன பொருளைத் திருப்பிக் கொண்டாந்துட்டேன், அதா மேசை மேல இருக்குது. இவுங்க வாங்குனதைத் தரமாட்டீங்கறாங்க" என்றார். குரலை ஏற்றவில்லை. தோப்பில் எடை சொல்வதுபோல் சொன்னார், அவ்வளவுதான்.

பெரியவர் தன் மகனைப் பார்த்து, "எந்திரிடா, ஜெராக்ஸ் எடுத்துட்டு வரலாம்" என்றார். அவர் எழுந்ததும் பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் எழுந்தன. கொஞ்ச நேரத்தில் முன்மேஜைக்காரர் உள்ளே ஓடினார், வெளியே ஓடி வந்தார். ஒரு பழுப்புக் கவரை என் கையில் கிட்டத்தட்ட எறிந்தார். டி.சி., மார்க் லிஸ்ட், பத்தாம் வகுப்புப் புத்தகம், எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் நகர்ந்தேன். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

அரசுக் கல்லூரிக்கு நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். ஆபீஸ் மூடவில்லை. ஒரு மேடம் சர்டிபிகேட்டுகளைப் புரட்டினார், மலையாளத்தில் பேர் கேட்டார், எழுதினார், கையெழுத்துப் போடச் சொன்னார். என்ன ஆகப் போகிறாய் என்று கேட்கவில்லை. அந்தக் கல்லூரிமேல் எனக்கு வந்த முதல் மரியாதை அதுதான்.

இந்த இடத்தில், ஜியாகிரபிதான் என் உயிர் என்று அங்கே போய்க் கண்டுகொண்டேன் என்று நான் எழுத வேண்டும். எழுத மாட்டேன். சில பாடங்கள் பிடித்தன. சிலவற்றில் தூங்கினேன். மழை எங்கள் பக்கம் ஏன் அப்படிப் பெய்கிறது, காற்று மலையிடுக்கில் ஏன் இப்படி அடிக்கிறது என்று தெரிந்துகொண்டது நன்றாக இருந்தது. டிகிரி முடித்தேன். இப்போது பார்க்கும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று படிக்கலாமா என்றும் யோசிக்கிறேன். எதை என்று கேட்காதீர்கள். என் வயதுக்கு இன்னும் தெரியவில்லையா என்று முகத்தைச் சுளிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆமாம், தெரியவில்லை, என்ன இப்போது?

தரகர் மாமா எங்களோடு கொஞ்ச காலம் பேசவில்லை. ஒரு மார்கழியில் குத்தகை பேச வந்தபோது தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார். உறவு எங்கே போகும்? பிறகு என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், அதே மோட்டார் சைக்கிளில் அதே தோல்பையோடு வந்து இறங்கினார். இந்தத் தடவை கடிகாரம் இல்லை, சக்கரம் வைத்த ஒரு டிராவல் பேக். அதைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அம்மா கொடுத்த டீயை ஊதிக்கொண்டே, "அம்முணி, என்ன படிக்கறே?" என்று தங்கையைக் கேட்டார்.

"தெரியலைங்க மாமா" என்றாள் அவள்.

 வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா, "அட, அப்பச் சோலி சுளுவாப் போச்சு!" என்று தோல்பையைத் திறந்தார். "மச்சான், ஒரிஜினலை எடுங்க. புள்ளைதான் ஒரு பதிலும் சொல்ல மாட்டீங்குதே, நாமளே பாத்து ஒண்ணைப் போட்டுர்லாம்."

அப்பா அந்த டிராவல் பேக்கின் பிடியைப் பிடித்து, மாமாவின் கால்மாட்டுக்கு மெதுவாகத் தள்ளினார்.

"அவ பதில் சொல்லிட்டாளே மச்சான்" என்றார். "தெரியலைன்னு சொன்னா. உங்களுக்குக் கேக்கலீங்களா?"